பருத்தி வயலும் தரவும்: சிறு நிலத்தில் துல்லியப் பண்ணையம் எதுவரை?

ஒரே ஏக்கர் பருத்தியில் மேட்டுப் பக்கம் செடி முழங்காலளவே நிற்கும். பள்ளத்துப் பக்கம் இடுப்புயரம் வளர்ந்து, காய் பிடிக்காமல் இலையாகவே மண்டிப் போகும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு யூரியா, ஒரே நாளில் மருந்து, ஒரே முறைத் தண்ணீர். இது சரிதானா என்ற கேள்வி செயற்கைக்கோள் வருவதற்கு வெகு முன்பே எழுந்தது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்குத் தன்னிடம் இருந்த கருவிகளைக் கொண்டு ஒரு விடை சொல்லியிருக்கிறது. இன்று சொல்லப்படும் விடை தரவு. வயலை அளந்து, படமெடுத்து, கணினியில் கணக்கிட்டு, எந்த இடத்துக்கு எது எவ்வளவு தேவை என்று முடிவு செய்யலாம் என்கிறது அது.

இந்த விடை சிறு நிலத்தில் எந்த அளவுக்கு நிற்கும் என்ற கேள்வியைத் திருத்தணிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று இங்கே தறி ஓடும் ஊர்கள் பல. ஆனால் தறிக்கு வரும் நூலின் மூலமான பருத்தி இங்கே பெரிதாக விளைவதில்லை. வயலில் இருப்பவை நெல்லும் நிலக்கடலையும் கரும்பும்தான். மாநில அளவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. நூற்பாலைகளில் நாட்டுக்கே முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு, அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறு பங்கைத்தான் தானே விளைவிக்கிறது. பெரம்பலூர், அரியலூர், சேலம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களும் காவிரிப் படுகையின் கோடைப் பருத்தியும் சேர்ந்தும் தேவைக்கு எட்டவில்லை. பரப்பைப் பெருக்க இடம் குறைவாக இருப்பதால், இருக்கும் ஏக்கரில் கூடுதலாக எடுப்பது எப்படி என்பதே பேச்சாகிறது. 2025-26 ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் பருத்தி உற்பத்தித் திறனுக்கென ஐந்தாண்டு இயக்கம் ஒன்றை அறிவித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் வலுத்திருக்கிறது.

கேள்வியின் வயது

1929-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்ஸ்லியும் பாவரும் உழவர்களுக்கென ஒரு சுற்றறிக்கை எழுதினார்கள். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மண்ணெடுத்து, புளிப்பு இருக்கும் இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு இடுங்கள் என்பது அதன் சாரம். துல்லியப் பண்ணையத்தின் அடிப்படை எண்ணம் முழுவதும் அதில் இருக்கிறது. பிறகு டிராக்டரும் மலிவு உரமும் வந்தன. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு போட்டுவிடுவது சுலபமாகவும் செலவு குறைவாகவும் அமைந்ததால், அந்த யோசனை பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது.

இந்தியாவில் வேறொரு வழி பிறந்தது. 1967-இல் ராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த 'விளைச்சல் இலக்கு' முறை அது. ஒரு குவிண்டால் விளைச்சலுக்குப் பயிர் எவ்வளவு சத்து எடுக்கிறது, அதில் மண் தருவது எவ்வளவு, இட்ட உரத்திலிருந்து பயிருக்குச் சேருவது எவ்வளவு என்ற மூன்றையும் வயல் சோதனையில் கண்டறிந்து, எட்ட வேண்டிய விளைச்சலுக்கு ஏற்ப உர அளவைக் கணக்கிடுவது. அகில இந்திய அளவிலான மண் பரிசோதனை – பயிர் விளைவு ஆய்வுத் திட்டம் இதன் மேல்தான் கட்டப்பட்டது. கோயம்புத்தூர் அதன் மையங்களில் ஒன்று. கலப்பினப் பருத்திக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 120:60:60 கிலோ என்ற பொதுப் பரிந்துரையோடு ஒப்பிட்டால், இது பெரிய முன்னேற்றம்.

இந்த முறையின் பலவீனமும் தெளிவானது. ஒவ்வொரு மண் வகைக்கும் ஒவ்வொரு இரகத்துக்கும் சமன்பாட்டைத் தனியே உருவாக்க வேண்டும். பருத்தி விதைச் சந்தையிலோ இரகங்கள் அதைவிட வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. மண் மாதிரியின் அடர்த்தி இன்னொரு சிக்கல். 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் 12 கூறுகளைச் சோதிக்கிறது. ஆனால் தொடக்க விதிகளின்படி, இறவை நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். அதாவது மானாவாரியில் சுமார் 13 பேர் நிலத்துக்கு ஒரே மாதிரி. வயலுக்குள் இருக்கும் வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும், வயலுக்கு வயல் உள்ள வேறுபாடே இதில் மறைந்துபோகிறது.

அறுவடை இயந்திரம் வரைந்த வரைபடம்

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பருத்தி வயல்களில் அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே உணரிகள் பொருத்தப்பட்டன. பஞ்சு குழாய் வழியே பறந்து போகும்போது ஒளிக்கற்றை எவ்வளவு மறைக்கப்படுகிறது என்பதை வைத்து அதன் அளவைக் கணித்தார்கள். செயற்கைக்கோள் வழி இடங்காட்டி இயந்திரம் நிற்கும் இடத்தைக் குறித்தது. இரண்டும் சேர்ந்து விளைச்சல் வரைபடம் ஆயிற்று. 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான இடங்காட்டிச் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நீக்கியதும், பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்வது எவருக்கும் சாத்தியமாயிற்று. அதே இயந்திர மரபில், இடத்துக்கு இடம் அளவை மாற்றி உரமும் வளர்ச்சிக் கட்டுப்படுத்தியும் தெளிக்கும் கருவிகள் வந்தன.

இந்த நம்பிக்கைக்கு மிக வலுவான எதிர்க்கேள்வி எதிர்முகாமிலிருந்து வரவில்லை. துல்லிய வேளாண்மை ஆய்வாளர்களே எழுப்பியது அது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் வீலனும் மெக்பிராட்னியும் 2000-இல் ஒரு 'சுழியக் கருதுகோளை' முன்வைத்தார்கள். ஒரு வயலுக்குள் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைவிட ஆண்டுக்கு ஆண்டு உள்ள வேறுபாடு பெரிதாக இருந்தால், வயல் முழுவதையும் ஒரே மாதிரி பராமரிப்பதே ஆபத்துக் குறைந்த வழி என்றார்கள். இதைப் பொய் என்று காட்ட வேண்டிய பொறுப்பு துல்லியப் பண்ணையத்தின் மேல் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓர் ஆண்டு பெய்து கெடுக்க, அடுத்த ஆண்டு காய்ந்து கெடுக்கும் மண்டலத்தில் இந்தக் கருதுகோளை எளிதில் தள்ளிவிட முடியாது. மழை குறைந்த ஆண்டில் பள்ளம் விளையும், மேடு காயும். மழை மிகுந்த ஆண்டில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், மேடு தப்பிக்கும். நேற்றைய வரைபடத்தை நம்பி இன்று உரமிட்டால் இரண்டு முறையும் தவறாகலாம்.

தருமபுரியின் விடை

தமிழ்நாட்டில் துல்லியப் பண்ணையம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2004-05 முதல் 2006-07 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திய திட்டம். உளிக் கலப்பை உழவு, குழித்தட்டு நாற்று, சொட்டு நீர், அதன் வழியாகவே கரையும் உரம், உழவர் சங்கம், கூட்டாக விற்பனை என்று பல கூறுகள் அதில் இருந்தன. மானியம் முதலாண்டில் முழுமையாகவும் பிறகு படிப்படியாகக் குறைந்தும் வந்தது. பயன்பெற்றவற்றில் தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்கறிகள் முக்கியமானவை.

இத்திட்டம் விளைச்சலையும் வருமானத்தையும் உயர்த்தியது என்பதில் ஆய்வாளர்களிடையே பரவலான உடன்பாடு உண்டு. ஆனால் அந்த உயர்வில் தரவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சொட்டு நீரும் நல்ல நாற்றும் சந்தைத் தொடர்பும் ஒருசேர வந்தபோது, எது எவ்வளவு தந்தது என்று யாரால் சொல்ல முடியும்? பருத்திக்கு இதை அப்படியே மாற்ற முயன்றால் செலவுக் கணக்கு வேறாகிறது. வாரம் இருமுறை சந்தைக்குப் போகும் காய்கறி சொட்டு நீர்க் குழாயின் விலையை விரைவில் ஈடுகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பருத்திக்கு அதிக காலம் பிடிக்கும். மானாவாரிப் பருத்தியில் குழாய்க்குள் விடத் தண்ணீரே இல்லை.

வானிலிருந்து பார்க்கும்போது

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில், யாருக்கும் இலவசமாகப் படம் தருகின்றன. பயிர் ஆலோசனைச் செயலிகள் பலவற்றுக்கு இதுவே அடித்தளம். சிவப்பொளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் இலை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதிலிருந்து ஒரு பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வயலுக்கு வண்ணம் தீட்டித் தருகிறார்கள்.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒரு படப்புள்ளி 100 சதுர மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளிகள் கிடைக்கும். வயல் சதுரமாக இருந்து, வரப்பையும் பக்கத்து வயலையும் சேர்த்துப் பிடிக்கும் ஓரப் புள்ளிகளைக் கழித்தால், நம்பத்தக்கவை பாதிக்கும் குறைவு. நீளமாக ஒடுங்கிய பாகப்பிரிவினை நிலமானால் இன்னும் குறைவு. அமெரிக்காவின் நூறு ஏக்கர் வட்டப் பாசன வயலில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. இங்கே சிக்கலே அதுதான். மேகமும் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி முளைத்துச் சப்பை வைக்கும் வாரங்களில்தான் வானம் மூடியிருக்கும். ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும். பரப்பைக் கணக்கெடுக்க அது உதவும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஒரு செடிக்குத் தழைச்சத்து போதுமா என்பதைச் சொல்ல அது ஏற்ற கருவி இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் பருத்திச் செடியின் இயல்பில் இருக்கிறது. நெல் கதிர் விட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பருத்தி காய்த்துக்கொண்டே வளரும், வளர்ந்துகொண்டே காய்க்கும். தழைச்சத்து மிகுந்தால் செடி காடாக மண்டும். சப்பை உதிரும், காய் குறையும், பூச்சி சேரும். அப்போது பசுமைக் குறியீடு உச்சத்தில் இருக்கும். படத்தில் ஆழ்ந்த பச்சையாகத் தெரியும் பகுதி நல்ல விளைச்சல் தரும் பகுதி என்ற அனுமானம் நெல்லுக்கு ஓரளவு பொருந்தலாம். பருத்தியில் அது தலைகீழாகப் போகக்கூடும்.

பச்சை குறைந்த திட்டும் எளிதில் பொருள் சொல்லாது. படத்தில் சிவந்து தெரியும் ஓர் இடத்துக்கு நடந்து போய் இலையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இலையின் ஓரம் மஞ்சளாகிச் சிவந்து கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால், புரட்டினால் அடியில் தத்துப்பூச்சி பக்கவாட்டில் ஓடும். நரம்பு பச்சையாகவே இருக்க, அடியிலைகளில் நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் சிவந்திருந்தால் மக்னீசியக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். செடி முழுவதுமே வெளிறிச் சிவந்து, காலடி மண் சொதசொதவென்று இருந்தால், தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. முதலாவதற்குப் பூச்சி மருந்து, இரண்டாவதற்கு மக்னீசியம் சல்பேட் தெளிப்பு, மூன்றாவதற்கு வாய்க்கால் வெட்டி நீரை வடித்தல். வானிலிருந்து மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். எந்த இடத்துக்கு முதலில் போக வேண்டும் என்று செயற்கைக்கோள் சொல்லும். அது சிறிய உதவி இல்லை. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது.

பொறியும் கைப்பேசியும்

பருத்தியில் தரவு மிகத் தெளிவாகப் பயன் தந்திருக்கும் இடம், என் மதிப்பீட்டில், பூச்சி மேலாண்மை. 2002-இல் அனுமதி பெற்ற பிடி பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை முதலில் கட்டுப்படுத்தியது. பின்னர் புழு எதிர்ப்புத் திறன் பெற்றது. காய்க்குள் ஒளிந்து தின்னும் இந்தப் புழுவை இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஹெக்டேருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து, விழும் அந்துப்பூச்சிகளை எண்ணச் சொல்கிறார்கள். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு எட்டு வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது. வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனம் உருவாக்கிய செயலி, பொறியில் விழுந்த பூச்சிகளைக் கைப்பேசியில் படமெடுத்தால் தானே எண்ணி ஆலோசனை சொல்கிறது. இந்த முயற்சி 2019-இல் கூகுளின் நல்கையைப் பெற்றது.

இதன் வலிமை எளிமையில் இருக்கிறது. கேள்வி ஒன்று, எண் ஒன்று, முடிவு ஒன்று. நிலம் சிறியதா பெரியதா என்பது பொருட்டில்லை. பலவீனம் என்னவென்றால், அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் மட்டும் எண்ணி, பக்கத்தில் இருப்பவர் எண்ணாவிட்டால் பயன் பாதி. பழைய செடியை அறுவடை முடிந்த பிறகும் வயலில் விட்டுவைக்கும் ஊரில் எண்ணுவதே வீண்.

திருத்தணிக்கு வடக்கே ஆந்திரத்திலிருந்து இன்னொரு சான்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2016-இல் கர்நூல் மாவட்டம் தேவனகொண்டா மண்டலத்தில் இக்ரிசாட் நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் 175 நிலக்கடலை உழவர்களுக்கு விதைக்கும் நாளைக் குறுஞ்செய்தியில் சொன்னார்கள். விளைச்சல் சராசரியாக 30 விழுக்காடு கூடியதாக அறிவித்தார்கள். இது ஒரே பருவத்தின் கணக்கு; அறிவித்தவர்கள் செயல்படுத்தியவர்களே. மழை தவறிய ஆண்டிலும் இது நிற்குமா என்பதைத் தெரிவிக்க இந்தச் சான்று மட்டும் போதாது. ஆனாலும் இதில் கவனிக்க ஒன்று உண்டு. நன்மை வந்தது வயலைத் துண்டு துண்டாகப் பிரித்ததால் அல்ல, ஒட்டுமொத்த வயலுக்கும் சரியான நாளைத் தேர்ந்ததால். சிறு நிலத்தில் இடத்தின் துல்லியத்தைவிடக் காலத்தின் துல்லியம் அதிகப் பலன் தரக்கூடும் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

தரவு யார் கையில்

மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோன் 2007-இல் வாரங்கல் பருத்தி உழவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. விதை இரகங்கள் வேகமாக மாறி, எது ஏன் விளைந்தது என்று பார்த்துக் கற்க நேரமில்லாமல் போனபோது, உழவர்கள் தங்கள் சோதிக்கும் திறனையே இழந்து பக்கத்து வயலைப் பின்பற்றத் தொடங்கினார்கள் என்று அவர் வாதிட்டார். காரணம் சொல்லாமல் 'இன்று மருந்தடி' என்று மட்டும் சொல்லும் செயலி அந்த இழப்பை விரைவுபடுத்தக்கூடும். மறுதரப்பு, உழவர் செயலியை அப்படியே பின்பற்றுவதில்லை, தன் கணிப்போடு ஒப்பிட்டே முடிவெடுக்கிறார் என்கிறது. இரண்டுக்கும் சான்று உண்டு. எந்தச் சூழலில் எது நடக்கிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

எல்லைப் பகுதியில் வேறொரு நடைமுறைச் சிக்கல். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை சித்தூர் மாவட்டம். மண்ணும் மழையும் பூச்சியும் நகரி, புத்தூர்ப் பக்கத்தோடு தொடர்ச்சியானவை. பதிவேடுகள் தொடர்ச்சியானவை அல்ல. இந்தப் பக்கம் அடங்கலும் உழவன் செயலியும், அந்தப் பக்கம் ஆந்திரத்தின் மின்பயிர்ப் பதிவும். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 2,817 கோடி ரூபாய் டிஜிட்டல் வேளாண் இயக்கம் இவற்றை இணைக்க முயல்கிறது. இணைத்த தரவை நிறுவனங்கள் எந்த நிபந்தனையில் பெறலாம், பெயர் பட்டாவில் இல்லாத குத்தகைதாரர் அதில் எங்கே வருவார் என்பவற்றுக்கு உழவர் அமைப்புகள் இன்னும் விடை கேட்டுக்கொண்டிருக்கின்றன.

எழுதப்படாத ஒரு கணக்கு

இத்தனை நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. அமெரிக்கப் பருத்தியில் தரவுச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுவடை இயந்திரம். இங்கே பருத்தி கையால், மூன்று நான்கு எடுப்பாக, பெரும்பாலும் பெண்களால் எடுக்கப்படுகிறது. உணரி பொருத்த இயந்திரமே இல்லை. ஆகவே எவ்வளவு படம் எடுத்தாலும், வயலின் எந்தப் பகுதி உண்மையில் எவ்வளவு விளைந்தது என்று சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க முடியாத வரைபடத்தின் மேல் உரப் பரிந்துரை கட்டப்படுகிறது.

திருத்தணிக் கரும்புக்கு இந்தக் குறை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணிக் கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில் கரும்பு நடவு பதிவாகிறது, வெட்டு உத்தரவு வருகிறது, எடைமேடையில் நிறுவை ஆகிறது. எந்த நிலம் எத்தனை டன் தந்தது என்பதற்கு ஒரு தாள் சான்று இருக்கிறது. பருத்தி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும்போது உழவர் பெயரும் மூட்டை எடையும் பதிவாகின்றன. அது எந்த வயல், எந்த எடுப்பு என்பது வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

ஆனால் எடை போடாமல் விடுவதில்லை. கிலோக் கணக்கில் கூலி கொடுக்கும் இடங்களில் ஒவ்வொரு எடுப்பிலும் ஒவ்வொருவர் மடிப் பருத்தியும் வரப்போரத்தில் தராசில் ஏறுகிறது. கூலி கொடுத்ததும் அந்த எண் மறக்கப்படுகிறது. ஏக்கரை மேடு, நடு, பள்ளம் என்று மூன்றாகப் பிரித்து, பகுதிவாரியாக எடுத்து, நாளும் பகுதியும் கிலோவும் ஒரு நோட்டில் எழுதினால், மூன்று பருவத்தில் ஒரு முக்கியமான விடை கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே பகுதிதான் பின்தங்குகிறதா, அல்லது மழைக்கேற்ப இடம் மாறுகிறதா? வீலனும் மெக்பிராட்னியும் எழுப்பிய கேள்வியை ஒரு தொங்கு தராசால் சோதித்துவிடலாம். அதே பகுதி தொடர்ந்து பின்தங்கினால் அங்கே மண் பரிசோதனைக்கும் தனி உரத்துக்கும் செலவிடுவது நியாயம். இடம் மாறினால், படத்துக்குச் சந்தா கட்டும் பணத்தை விதைப்பு நாள் ஆலோசனைக்கும் பூச்சிப் பொறிக்கும் மாற்றிவிடலாம்.

இதிலும் குறை உண்டு. எடுப்பவர்கள் வரிசை பிடித்து நகரும்போது பகுதிகள் கலக்கும். பகுதி வாரியாக எடுத்தால் வேலை தாமதமாகும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலையில் அந்தத் தாமதம் பெண்களின் உடம்பில் விழும்.

தீராதவை

சிறு நிலப் பருத்தியில் வயலுக்குள் உள்ள வேறுபாடு ஆண்டுகளைக் கடந்து நிலைக்கிறதா என்பதற்கு நம்மூரில் நீண்ட காலச் சான்று போதவில்லை. பூச்சிக் கண்காணிப்புத் தரவு பயனுள்ளது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். விதைப்பு நாள் ஆலோசனை நம்பிக்கை தருகிறது, சோதனை குறைவு. பசுமைக் குறியீட்டை மட்டும் வைத்துப் பருத்திக்கு உரம் பரிந்துரைப்பதற்கு இப்போதுள்ள ஆதாரம் பலவீனமானது. அதை விலைக்கு விற்பவர்கள் உழவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருத்தணி போன்ற செம்மண் குன்றுப் பகுதிகளில் பருத்தியைப் பெருக்க நினைப்பவர்கள், தரவு வந்துவிட்டது என்பதை அதற்குக் காரணமாகக் காட்டக் கூடாது.

கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் இருக்கின்றன. பெரம்பலூரிலும் காவிரிப் படுகையிலும் சில நூறு வயல்களைத் தேர்ந்து, எடுப்புவாரி, பகுதிவாரி நிறுவைக் கணக்கை ஐந்தாண்டுக்கு எழுதவைப்பது இவர்களால் முடியும். செயற்கைக்கோள் படம் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை. மாசிப்பட்டத்தில் விதைக்கும் பருத்தியிலிருந்தே தொடங்கலாம். பகுதி பகுதியாக எடுத்து நிறுத்து எழுத ஆகும் கூடுதல் நேரத்துக்கு, எடுக்கும் பெண்களுக்குக் கூலி சேர்த்தே அந்தத் திட்டத்தின் செலவைப் போட வேண்டும்.